பழைய பம்ப் ஷாட்கன்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா காலமான பிறகு, அவர் வைத்திருந்த 16 கேஜ் வின்செஸ்டர் மாடல் 12 ஒரு டீலரின் பாதுகாப்பில் இருக்கிறது. அது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றும் பம்ப் ஷாட்கன், அதாவது ரவைத் துப்பாக்கி; கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறிது. வாரிசாக அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதா, விற்றுவிட்டுப் புதிதாக ஒரு 12 கேஜ் பம்ப் வாங்குவதா என்று யோசிக்கிறார். சுடும் கிளப்பில் பெரியவர்கள் எல்லாரும் "விற்காதே" என்கிறார்களாம். ஏன் என்று கேட்டால், "கையில் எடுத்துப் பார், தெரியும்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லையாம். அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் பழைய பம்ப் துப்பாக்கிகளில்? கையாளும் விதம் புதியவற்றிலிருந்து எங்கே மாறுகிறது? இவைதான் கேள்விகள்.

தம்பி, பெரியவர்கள் சொன்னது சரி. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. இந்தத் துப்பாக்கிகளுக்கு உள்ள மதிப்பு முன்பிடியின் ஓட்டத்தில் இருக்கிறது. அந்த ஓட்டத்தைக் கை கற்றுக்கொள்ளும் வரை, இது ஒரு கனமான பழைய இரும்பாகத்தான் தெரியும். கற்றுக்கொண்ட பிறகு புதிய துப்பாக்கிகள் பலவற்றை எடுக்கவே மனம் வராது.

முதலில் அந்த ஓட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுட்டவுடன் இடது கை முன்பிடியைப் பின்னால் இழுக்கிறது. முதல் சிறு தூரத்தில், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் பூட்டு விடுபடுகிறது. மாடல் 12-இல் போல்ட்டின் பின்பகுதி மேலெழுந்து, இயங்கும் பாகங்களை மூடியிருக்கும் உலோகக் கூடான ரிசீவரின் கூரையிலுள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்டுதான் பூட்டும். அந்தப் பகுதி கீழே இறங்கினால்தான் போல்ட் நகரும். பிறகு வெற்றுத் தோட்டா தோட்டா அறையிலிருந்து உருவப்பட்டு வலப்பக்கம் தெறிக்கிறது. போகிற போக்கில் உள்ளே இருக்கும் சுத்தி மறுபடி ஏற்றப்படுகிறது. முன்பிடி முழுக்கப் பின்னால் வந்து முட்டும் இடத்தில், அடியிலுள்ள மேகசின் குழாயிலிருந்து அடுத்த தோட்டா தூக்கித்தட்டின் மேல் வந்து உட்கார்கிறது. முன்னே தள்ளும்போது தட்டு அதை உயர்த்த, போல்ட் அதை அறைக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. இவ்வளவும் கை ஒருமுறை போய்வரும் நேரத்தில் முடிந்துவிடும்.

மாடல் 12-இல் இந்த வேலையைச் செய்யும் பாகங்கள் எஃகிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டவை. ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களைத் தொழிற்சாலையில் ஆட்கள் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். அதன் மேல் பல வருடப் பழக்கத்தில் உரசும் பரப்புகள் தாமாகவே மெருகேறியிருக்கும். மேலும் கீழும் ஆட்டம் இல்லாமல், சரசரப்பு இல்லாமல், எண்ணெய் தடவிய குழாய்க்குள் தண்டு போவதுபோல முன்பிடி போய் வரும். போல்ட் பூட்டும் கடைசி அரை அங்குலத்தில் ஒரு கெட்டியான நிறுத்தம் உண்டு. அது கைக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். கண்ணால் பார்க்காமலே "பூட்டிவிட்டது" என்று தெரிவது வேட்டைக் காட்டில் பெரிய விஷயம்; அப்போது கண் பறவை மேல்தான் இருக்க வேண்டும்.

இந்த வகைத் துப்பாக்கி வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் உங்கள் கையிலுள்ளது எந்தக் காலத்துச் சிந்தனை என்று புரியும். வணிக ரீதியில் முதலில் எடுபட்ட பம்ப் ஷாட்கன் கிறிஸ்டோபர் ஸ்பென்சருடையது, 1882. அதன்பின் ஜான் பிரவுனிங் வின்செஸ்டருக்காக 1893-இல் ஒன்று வடிவமைத்தார். அது புகை கக்கும் கறுப்பு வெடிமருந்துக் காலத்துத் துப்பாக்கி. புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி அதை வலுப்படுத்தி வந்ததுதான் மாடல் 1897. சுத்தி வெளியே தெரியும் அந்த உருவத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1957 வரை, 10 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை அதன் குட்டைக் குழல் வடிவத்தைப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனபோது, 1918-இல் ஜெர்மனி முறைப்படி கண்டனமே தெரிவித்தது.

அடுத்து 1912. வின்செஸ்டரின் டி.சி. ஜான்சன் சுத்தியை முழுக்க ரிசீவருக்குள் மறைத்து வடிவமைத்த துப்பாக்கி வந்தது. முதலில் 20 கேஜ், பிறகு 12-உம் 16-உம். சில ஆண்டுகளில் பெயர் மாடல் 12 என்று சுருங்கியது. ஏறக்குறைய 20 லட்சம் செய்யப்பட்ட பிறகு, 1964-ஐ ஒட்டி வழக்கமான உற்பத்தி நின்றது. காரணம் சாமானியமானது: இத்தனை கடைசல் வேலையும் கைவேலையும் போட்டுச் செய்து, போட்டி விலைக்கு விற்க முடியவில்லை. 1950-ஐ ஒட்டி வந்த ரெமிங்டன் 870, அச்சில் அடித்த பாகங்களை வேண்டிய இடத்தில் பயன்படுத்தி, எந்தக் குழலை எடுத்தாலும் கைவேலை இல்லாமல் பொருந்தும்படி செய்துவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 870 மிக நல்ல துப்பாக்கி. ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது, சும்மா விற்கவில்லை. ஆனால் அதன் உறுதி வேறு, மாடல் 12-இன் ஓட்டம் வேறு.

இடையில் இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. 1931-இல் வந்த ரெமிங்டன் 31. ஓட்டத்தின் மென்மையில் மாடல் 12-ஐயே மிஞ்சும் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம் சாய்வேன். அப்புறம் 1937-இன் இதாகா 37. இதுவும் பிரவுனிங்கின் பழைய வடிவமைப்பிலிருந்து பிறந்ததுதான். தோட்டா ஏறுவதும் வெற்று விழுவதும் அடியிலுள்ள ஒரே வாய் வழியாக. பக்கவாட்டில் திறப்பே இல்லாததால் தூசியும் கரும்புச் சோகையும் உள்ளே போகாது. இடது கைக்காரர் முகத்துக்கு நேரே வெற்றுத் தோட்டா பறக்காது. எடையும் குறைவு. கரும்புத் தோட்ட ஓரத்தில் நாள் முழுக்க நடக்க ஒரு 12 கேஜ் வேண்டும் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, கையாளும் விதத்துக்கு வருவோம். இங்கேதான் புதிய துப்பாக்கியில் பழகியவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவதும் முக்கியமானதும் இது: இன்றைய பம்ப் துப்பாக்கிகளில் விசையை ஒவ்வொரு முறையும் விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த தோட்டா வெடிக்கும். அதற்கென உள்ளே ஒரு பாகம் உண்டு. மாடல் 1897-இலும் மாடல் 12-இலும் அது கிடையாது. இதாகா 37-இல் 1970-களின் நடுப்பகுதி வரை கிடையாது. விசையை அழுத்தியபடியே முன்பிடியை முன்னே தள்ளினால், போல்ட் பூட்டும் கணத்திலேயே வெடித்துவிடும். இதை வேகமாகச் சுடும் வித்தையாகச் சிலர் காட்டுவார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். சுட்டதும் விரல் விசையை விட்டு வெளியே வர வேண்டும், அதன் பிறகே இடது கை அசைய வேண்டும். இந்த ஒழுங்கு மண்டையில் அல்ல, விரலில் பதிய வேண்டும். போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வது அதற்காகத்தான்.

இரண்டாவது, தயங்காமல் இழுப்பது. பம்ப் துப்பாக்கியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை துப்பாக்கியின் கோளாறு அல்ல, பாதியில் நின்ற கையின் கோளாறு. முன்பிடி முட்டும்வரை பின்னால் வராவிட்டால் வெற்றுத் தோட்டா வெளியேறாது, அல்லது அடுத்தது தூக்கித்தட்டுக்கு வராது. பதற்றத்தில் எல்லாருக்கும் இழுப்பு குறுகும். பழைய துப்பாக்கிகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: முன்பிடியையும் போல்ட்டையும் இணைக்கும் சட்டம் அவற்றில் ஒன்றுதான், ஒரு பக்கம் மட்டும். 870-இல் இரு பக்கமும் சட்டம் இருப்பதால் எப்படிப் பிடித்து இழுத்தாலும் நேராக ஓடும். மாடல் 12-இல் பிடியை முறுக்கியபடி இழுத்தால் சற்றே இறுகும். ஆகவே உள்ளங்கை அடியில் இருக்கட்டும், இழுப்பு குழலின் நேர்கோட்டில் இருக்கட்டும். இறுக்கிப் பிடிக்கிறவனைவிட இலகுவாகப் பிடித்து நேராக இழுக்கிறவனுக்கு இது நன்றாக வேலை செய்யும்.

நன்றாகச் சுடுகிறவரைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர் சுட்டு முடித்து, நிதானித்து, பிறகு பம்ப் செய்வதில்லை. உதைப்பில் துப்பாக்கி பின்னால் வரும்போதே முன்பிடியும் பின்னால் போய்விடும். முன்னே தள்ளும் அசைவு குழலை மறுபடி பறவையின் திசைக்குக் கொண்டுவந்துவிடும். துப்பாக்கி தோளை விட்டு இறங்காது, கன்னம் பின்புற மரக்கட்டையை விட்டு எழாது. வின்செஸ்டருக்காக ஊர் ஊராகச் சுட்டுக் காட்டிய ஹெர்ப் பார்சன்ஸ், ஏழு களிமண் தட்டுகளைத் தன் கையாலேயே ஒன்றாக வீசிவிட்டு, அவை தரையைத் தொடும் முன் மாடல் 12-ஆல் ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டியவர். அவ்வளவு நமக்கு வேண்டாம். ஆனால் கையால் இயக்கும் துப்பாக்கி தாமதமானது என்று யாராவது சொன்னால், அது உண்மை இல்லை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் 1897 எப்போதாவது கைக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. பின்னால் வரும்போது அதன் போல்ட் ரிசீவரை விட்டு வெளியே நீண்டு சுத்தியைத் தள்ளிச் சாய்க்கும். வலது கைக் கட்டைவிரல் மேலே ஏறி நின்றால் விரலிடுக்கின் தோலைக் கிழித்துவிடும். கட்டைவிரலைத் தாழ்த்தி, பிடியின் பக்கவாட்டில் வைக்கப் பழக வேண்டும். அதில் தனியாகச் சேஃப்டி பொத்தானும் கிடையாது, சுத்தியின் பாதி ஏற்றம் மட்டும்தான். தோட்டா அறையில் இருக்கும்போது குளிரில் விறைத்த கட்டைவிரலால் சுத்தியைத் தாழ்த்துவது ஆபத்தான வேலை. அறை காலியாக நடந்துபோய், வேண்டும்போது பம்ப் செய்வதே நல்லது. மாடல் 12-இல் விசைக்காப்பின் முன்பக்கம் குறுக்கே தள்ளும் சேஃப்டி பொத்தான் இருக்கிறது. 870-இல் விசைக்குப் பின்னால். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களின் விரல் அவசரத்தில் தவறான இடத்தைத் தேடும். ஒரு பருவத்துக்கு ஒரு துப்பாக்கி என்று வைத்துக்கொள்வது நல்லது.

காலி செய்வதும் இங்கே சற்று வேறு. மாடல் 12-இல் வழக்கமான முறை, மேகசினிலுள்ள தோட்டாக்களை ஒவ்வொன்றாக அறை வழியே ஓட்டி எடுப்பதுதான். விசைக்காப்பின் பின்புறம் இடப்பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் முன்பிடி விடுபடும். குழல் முனை ஆபத்தில்லாத திசையில் இருக்க, விரல் வெளியே இருக்க, மெதுவாக ஓட்டுங்கள். முடிந்ததும் அறைக்குள் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள், தூக்கித்தட்டையும் மேகசின் வாயையும் பாருங்கள். மேகசினில் சிக்கிக்கொண்டு வராத ஒரு தோட்டா பின்னால் தானாக நழுவி வரும் வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் ஆங்கிலேயர் வழக்கத்தால் இரட்டைக்குழல் துப்பாக்கியில் வளர்ந்தவர்கள் அதிகம். இரட்டைக்குழலை மடித்துப் போட்டால் காலி என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பம்பில் அப்படித் தெரியாது. அதனால்தான் அவர்களில் சிலர் பம்ப் துப்பாக்கியைப் பக்கத்தில் விரும்புவதில்லை, அதில் நியாயமும் உண்டு. கிளப்பில் நடக்கும்போது போல்ட் முழுக்கத் திறந்திருக்கட்டும், திறப்புப் பக்கம் மற்றவர்களுக்குத் தெரியட்டும். கேட்காமலே அப்படிச் செய்கிறவரைப் பெரியவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

இனி உங்கள் துப்பாக்கிக்கே உரிய விஷயம். இதை இரண்டு முறை படியுங்கள். பழைய 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 2 9/16 அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். பிற்காலத்தவை 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர். தோட்டா நீளம் என்று பெட்டியில் போடுவது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத தோட்டா வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் ஒரு தடையும் இல்லாமல் போய் உட்காரும், போல்ட்டும் பூட்டும். சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது. குழல் குறுகும் இடத்துக்குள் விரிந்து வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும். ஒருநாளில் குழல் வெடிக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் போல்ட்டும் பூட்டும் அடி வாங்கும், தோளுக்கும் தெரியும். "தோட்டா ஏறுகிறதே, அப்புறம் என்ன" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழலின் மேல் கேஜுக்குப் பக்கத்திலேயே அறை நீளம் பொறித்திருக்கும். பிற்பாடு யாராவது அறையைக் குடைந்து நீட்டியும் இருக்கலாம், அதனால் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி நீட்டியிருந்தால், ரிசீவரின் பக்கத் திறப்பு 70 மில்லிமீட்டர் வெற்றுத் தோட்டாவை வெளியே விடுகிறதா என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவரிடம் 20 கேஜ் துப்பாக்கி இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. சிறிய கேஜ் தோட்டா பெரிய கேஜ் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும், இடது கை அங்கேதான் இருக்கும். இந்த ஆபத்துக்காகவே 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

அந்தக் காலத்தவர் துப்பாக்கி தேயும் என்று தெரிந்தே செய்தார்கள். மாடல் 12-இன் குழலைத் தனியே கழற்றிவிடலாம். மேகசின் குழாயைக் கால் சுற்றுத் திருப்பி முன்னே இழுத்து, முன்பகுதி முழுவதையும் கால் சுற்றுத் திருப்பினால் இரண்டு துண்டாகக் கையில் வரும். பல வருடம் கழற்றி மாட்டினால் இணைப்பு தளரும் அல்லவா? அதற்காகக் குழலின் அடியில் பல் வெட்டிய ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தெரியும்போது ஒரு பல் நகர்த்தினால் மறுபடி இறுகிவிடும். ஐம்பது அறுபது வருடம் கழித்து வரப்போகும் தேய்மானத்தை நினைத்து, அதைச் சரிசெய்ய வழியும் வைத்து ஒரு பொருளைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துப்பாக்கியின் மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணங்களில் இந்தச் சிறு வளையமும் ஒன்று. கழற்றும்போது பாருங்கள்: ரிசீவரின் அடியிலும், குழலோடு வரும் இணைப்புத் துண்டின் அடியிலும் வரிசை எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் குழலும் ரிசீவரும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை. விலைக்கும் அது முக்கியம், பொருத்தத்துக்கும் முக்கியம்.

மேகசினுக்குள் ஒரு மரக்குச்சி இருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1935 முதல் வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. அதற்காக மேகசினை அடைக்க வைக்கும் குச்சி அது. அங்கிருந்து வந்த துப்பாக்கிகளில் அப்படியே தங்கிவிடுவது உண்டு.

கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கட்டைகளில் கன்னம் படும் இடம் தாழ்வாக இருக்கும், அக்காலத்தவர் தலையை நிமிர்த்திச் சுட்டார்கள். நாம் இன்று கன்னத்தை அழுத்தமாகப் பதிக்கிறோம். அப்படிச் செய்தால் கண் ரிசீவருக்குப் பின்னால் மறைந்து, சுடுவது கீழே போகும். உதைப்பும் கன்ன எலும்பில் விழும். கட்டையைச் சீவவோ வெட்டவோ செய்யாமல், கழற்றக்கூடிய தோல் உறை ஒன்றைக் கட்டி உயர்த்திப் பாருங்கள். 16 கேஜ் மாடல் 12-ஐ 20 கேஜின் சிறிய ரிசீவரில் செய்தார்கள், அதனால் எடை மூன்று கிலோவை ஒட்டியே நிற்கும். கைகளுக்கு நடுவே எடை உட்கார்ந்திருப்பதால் தோளுக்கு ஏறுவது தெரியாது. 12 கேஜ்காரர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத் தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோக், அதாவது ரவை பரவாமல் இருக்கக் குழல் முனையில் வைக்கும் குறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. அக்காலக் குழல்களில் பலவும் நிலையான ஃபுல் சோக், அதாவது மிகக் குறுகலானது. தக்கையும் அட்டையும் வைத்த தோட்டாவுக்காகக் குறுக்கிய குழல் அது. இன்றைய தோட்டாவில் ரவைகளைப் பிளாஸ்டிக் கிண்ணம் காப்பதால் அதே குழல் இன்னும் நெருக்கமாகப் பாயும். நம் பக்கத்தில் கரும்பு வெட்டிய வயலோரம் கினிக்கோழி எழும்பும் தூரத்துக்கு அது அதிகம். கிட்டத்தில் அடித்தால் கறியில் ரவை பொறுக்கியே சாப்பாடு முடிந்துவிடும். கினிக்கோழியே கடினமான இறைச்சி, மசாலாவில் மணிக்கணக்காக வேக வேண்டும். அதில் ரவையும் சேர்ந்தால் பல்லுக்குக் கேடு. குழலை அறுத்து சோக்கை எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய காகிதம் ஒன்றை 25 மீட்டரிலும் 35 மீட்டரிலும் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பறவை இன்னும் சற்றுத் தூரம் போகட்டும் என்று பொறுத்துச் சுடப் பழகுங்கள். அதுவே தீர்வு.

நம் கடற்கரை ஈரத்தில் துப்பாக்கியைக் கெடுப்பது சூடு அல்ல, துருதான். டர்பன் முதல் ஸ்டாங்கர் வரை உப்புக்காற்று எல்லா வீட்டுக்குள்ளும் வருகிறது. பஞ்சுறைக்குள் போட்டு மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். சேஃபுக்குள் உறையில்லாமல் நிறுத்துங்கள், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுங்கள், மெல்லிய எண்ணெய்த் துணியால் மேலே துடையுங்கள். எண்ணெய் அதிகம் வேண்டாம். குழல் முனை மேலே பார்த்து நிற்கும் துப்பாக்கியில் எண்ணெய் வருடக்கணக்கில் கீழே வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, கடைசியில் பிளக்கும். ரிசீவருக்குப் பின்னால் மரத்தில் கறுப்பு வட்டமும் மெல்லிய கீறலும் தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் பழைய கட்டைகள் சாகும் இடம்.

உங்கள் முதல் கேள்வி, பெயர் மாற்றம். பெரியப்பாவின் லைசென்ஸ் உங்களுக்கு வராது. வாரிசு என்றாலும் நீங்கள் புதிதாக உங்கள் பெயரில் வாங்க வேண்டும். துப்பாக்கி கைமாற வேண்டிய காரியத்தை எஸ்டேட்டின் எக்ஸிக்யூட்டர் (இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர்) செய்ய வேண்டும், அதுவரை அது டீலரிடம் இருப்பது சரியான ஏற்பாடு. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஷாட்கன்னுக்கான பயிற்சியை முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன்பின் லைசென்ஸ். தற்காப்புக்கு என்று 13-ஆம் பிரிவில் கேட்டால் ஐந்து வருடம். எப்போதாவது வேட்டை, விளையாட்டு என்று 15-ஆம் பிரிவில் கேட்டால் பத்து வருடம். இந்தத் துப்பாக்கிக்கு 15-ஆம் பிரிவுதான் பொருத்தம். முடியும் தேதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிறுவனம்) 953 தரமுள்ள சேஃப் சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும், போலீஸ் வந்து பார்ப்பார்கள்.

விற்றுவிட்டுப் புதிது வாங்குவதைப் பற்றி. வீட்டுப் பாதுகாப்புதான் உங்கள் நோக்கம் என்றால் மாடல் 12-ஐ அதற்கு இழுக்காதீர்கள். முன்பிடியை இணைக்கும் இரு பக்கச் சட்டங்களும், விசையை விட்டால்தான் அடுத்தது வெடிக்கும் அமைப்பும், எளிதில் கிடைக்கும் 12 கேஜ் தோட்டாவும் உள்ள ஒரு 870-ஓ மாஸ்பெர்க் 500-ஓ அதற்கு ஏற்றது. பதற்றத்தில் எடுக்கும் பொருள் குறைந்த பழக்கத்தோடும் வேலை செய்ய வேண்டும். வயலுக்கும் களிமண் தட்டுக்கும் என்றால் விற்காதீர்கள். அதே தரத்தில் கைவேலை செய்த ஒன்றைப் புதிதாக வாங்க நினைத்தால் விலை எட்டாது. 16 கேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது என்பது உண்மையான குறை. சரியான நீளமுள்ளது கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தோட்டாவை நீங்களே நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கிளப்பில் மாடல் 12 வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வை செய்தால், பாதுகாப்பான இடத்தில் அவருடைய துப்பாக்கியை நீங்கள் சுடச் சட்டம் இடம் தருகிறது. 25 தட்டு ஒரு சுற்று சுடுங்கள். முதல் சில தட்டுகளில் உங்கள் இடது கை பாதியில் நிற்கும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அப்படியே டீலரிடமும் போய், குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்தையும் இரண்டு வரிசை எண்களையும் எழுதி வாங்கி வாருங்கள். அறை 65 மில்லிமீட்டரா 70-ஆ என்று தெரிந்ததும் சொல்லுங்கள், எந்தத் தோட்டா தேடுவது என்பதை அப்போது பேசுவோம்.